என் பெயரில் ஒரு முழங்கால்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முதல் என் இடது முழங்காலில் லிகமென்ட் கிழிந்திருக்கிறது. எனக்கு வலிக்கவில்லை. வலிப்பது ரோகிணி அக்காவுக்கு.

இதை எழுதுவது தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அதை யாரும் திறக்க மாட்டார்கள். படிக்கும்போது நானே திறந்ததில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அக்கா கல்லூரி கூடைப்பந்து அணியின் சென்டர். வளையத்துக்கு அடியில் நின்று ஆடுகிற இடம் அது. மூன்றாம் வருடம். நான் விடுமுறை நாட்களில் அந்த அணிக்குப் புள்ளி எழுதப் போவேன். போன செவ்வாய், பொங்கல் விடுமுறைப் பயிற்சியில், அக்கா பந்துக்குக் குதித்து இறங்கும்போது இடது முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. மறுநாள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

பயிற்சியாளர் தண்டபாணி சார் நேற்று வீட்டுக்கு வந்தார். அம்மா சத்துணவுக் கூடத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"ஸ்கேன் எடுத்துப்போடலாமுங்க. ஆனா ரோகிணி பேர்ல வேண்டாம்" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

பிப்ரவரியில் கல்லூரியில் போட்டி. சென்னையில் பெரிய அலுவலக அணி ஒன்றிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள். எடுத்துக்கொண்டால் வேலையும் அவர்களே தருவார்கள், ஆட்டமும் அவர்களுக்கே. ஈரோட்டில் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் போவது ஒரே ஸ்கேன் சென்டருக்குத்தான். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும், அவர்கள் வழியாகச் சென்னைக்கும் தெரிந்துவிடும்.

"சின்னவ பேர்ல எடுத்துக்கலாம். அவ என்ன ஆடவா போறா?" என்றார் சார்.

ஆகவே இன்று காலை நான் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கவுன்டர் வரை நொண்டினேன். தெருவிலேயே இரண்டு தடவை பழகிப் பார்த்திருந்தேன். ஸ்கேன் அறைக்குள் போனது அக்கா. இயந்திரம் இயக்குகிறவர் வாசலிலேயே சீட்டைப் பார்த்தார், அக்காவை அண்ணாந்து பார்த்தார்.

"பதினஞ்சு வயசா?"

"எங்கூட்டுச் சாப்பாடு அப்படிங்க" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. பெயர்: பவதாரிணி. வயது: 15. இடது முழங்கால். பாதிக்கு மேல் கிழிவு.

அப்பா போனில் படம் எடுத்து அனுப்பினார். சார் உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: "பாதிதானுங்களே போயிருக்கு? மிச்சப் பாதி தாங்கும். இன்னும் மூணு வாரம்."

அப்பா உறையை என்னிடம் கொடுத்தார். "உன் பேர்லதானே இருக்குது, நீயே வெச்சுக்க கண்ணு. அம்மா கண்ணுல பட்டுறக் கூடாது."

ஜனவரி 23, வியாழன்

இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர் இன்று ஐந்து மணிக்கே வந்தது. பன்னிரண்டு குடம். அக்கா தூக்குகிற ஆறையும் நான் தூக்கினேன். அம்மா, "அவளுக்கென்ன கேடு?" என்றாள். "சுளுக்கும்மா" என்றேன். பொய் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கணக்குத் திருப்புதல் தேர்வில் 71.

சாயங்காலம் அக்காவுக்கு ஐஸ் வைத்துவிட்டேன். ஐஸ் உருகி லுங்கியெல்லாம் நனைந்தது. அப்பாவின் தறிப்பட்டறை லுங்கிகள்தான் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும்.

"க்கா, டாக்டர்கிட்டக் காட்டலாமே. ரிப்போர்ட் இருக்குதுல்ல."

"காட்டினா கத்தி வெப்பாங்க. ஒன்பது மாசம் படுக்கோணும். அதுக்குள்ள காலேஜ் முடிஞ்சுரும். அப்புறம் யாரு என்னைப் பார்க்க வருவாங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான். அதுவும் ஆறடி ஒரு அங்குலத்துக்கு மேல உசரமான மாப்பிள்ளையாத் தேடிக்கிட்டு."

"அதுக்காக?"

"முழுக் காலோட கல்யாணத்துக்குப் போறதுக்கு, பாதிக் காலோட வேலைக்குப் போறேன். போடி, ஐஸ் தீர்ந்துருச்சு பாரு."

ஐஸ் எடுக்கப் போனேன். வரும்போது சமையலறை நிலையில் பென்சிலால் என் உயரத்தை அளந்து பார்த்தேன். காரணம் ஒன்றுமில்லை. 174 சென்டிமீட்டர்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் பள்ளியில் கொடியேற்றம், ஆளுக்கு இரண்டு மிட்டாய். அங்கிருந்து நேராகக் கல்லூரிக்கு. கோபியிலிருந்து வந்த அணியோடு பயிற்சி ஆட்டம்.

அக்காவின் கணக்கு: புள்ளி 14, ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தது) 11, தடுப்பு 3.

சார் கேட்கிற கணக்கு அவ்வளவுதான். நான் இன்னொன்றும் எழுதினேன். யாருக்கும் தெரியாமல், வரிக்கு அடியில் சின்னப் புள்ளியாக. அக்கா குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் எந்தக் காலில் இறங்குகிறாள் என்று. மொத்தம் 26 குதி. இரண்டு காலிலும் இறங்கியது மூன்று. வலது காலில் மட்டும் இறங்கியது இருபத்து மூன்று.

சென்னையிலிருந்து வருகிறவர் எதைப் பார்ப்பார் என்று யோசித்தேன். நானாக இருந்தால் என்ன எழுதுவேன்?

ரோகிணி. சென்டர். கை பெரியது, மென்மையானது. இடுப்புயரத்தில் வருகிற மோசமான பாஸைக்கூடப் பிடித்துவிடுவாள். இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் பதற மாட்டாள். யார் தனியாக நிற்கிறார்கள் என்று பார்த்து அவளுக்குக் கொடுப்பாள். ஈரோட்டில் எந்த சென்டரும் அப்படிக் கொடுப்பதில்லை. பந்து எங்கே விழும் என்பது அவளுக்குப் பந்துக்கு முன்னால் தெரிந்துவிடும். குறை: இடது கை சும்மா தொங்கும். ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஐந்து. எதிரணி வேகமாகத் திரும்பி ஓடினால் இவள் பாதிக் களத்தில்தான் இருப்பாள். அது சோம்பல் இல்லை. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சோம்பல் என்றுதான் எழுதுவார்.

அக்காவின் கால் கிழிந்தது தெரியாமல் பார்க்கிறவருக்கு அக்கா ஒரு சோம்பேறி. இந்த யோசனையை சாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 1, சனி

தைரியம் இல்லை என்று எழுதினேன் அல்லவா. இன்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"சார், மிச்சப் பாதியும் போயிருச்சுன்னா?"

சார் ஸ்கோர் நோட்டை என் கையிலிருந்து வாங்கினார். நல்ல வேளை, சின்னப் புள்ளிகள் அவர் கண்ணில் படவில்லை. மெதுவான குரலில் பேசினார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

"இங்க பாரு அம்மிணி. நீ வெளிய மூச்சு விட்டீன்னா போறது அக்கா வேலை மட்டுமில்ல. பொய்ப் பேர்ல ஸ்கேன் எடுத்தது உங்கப்பா. கையெழுத்துப் போட்டது உங்கப்பா. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"அடுத்த வருசம் உன்னையும் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேர்த்தோணும்னு இருக்கேன். கூனாம நில்லு."

வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். நான் ஹாஸ்டலில் சேர வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. சும்மா வீட்டுப் பின்னால் தனியாகப் பந்து போடுவேன், அவ்வளவுதான். அதை அவர் எப்போது பார்த்தார்?

பிப்ரவரி 6, வியாழன்

நாளை போட்டி. அக்கா மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளிக்கு மட்டம். அப்பாவே கடிதம் எழுதிக் கொடுத்தார். காரணம்: "முழங்கால் வலி."

சென்னையிலிருந்து வந்தவர் ஒரு பெண். ஜெசிந்தா மேடம். அவரும் முன்னாள் சென்டர். ஐம்பது வயது இருக்கும். உட்காரும்போது ஒரு காலை நீட்டித்தான் உட்காருகிறார். மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

மேடத்தின் அணியில் சேர உயரம் 185 சென்டிமீட்டராவது வேண்டுமாம். மனிதர்கள் காலையில் கொஞ்சம் உயரமாகவும் சாயங்காலம் கொஞ்சம் குட்டையாகவும் இருப்பார்கள் என்று சார் எங்கேயோ படித்திருக்கிறார். அதனால் அக்காவை விடிந்ததிலிருந்து ஜிம் பாயில் படுக்க வைத்திருந்தார். காலைச் சாப்பாடும் படுத்தபடி. நான் இட்லி ஊட்டினேன். சாம்பார் காதுக்குள் போனது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சார் ஓடி வந்து, "படு! படு! அரை சென்டிமீட்டர் போச்சு!" என்று கத்தினார். இன்னும் சிரித்தோம். இந்த மாதத்தில் அக்கா சிரித்தது அப்போதுதான்.

சார் அளவுநாடாவோடு தயாராக நின்றார். மேடம் வந்து பார்த்தார்.

"இப்ப வேணாம் சார். சாயங்காலம், மேட்ச் முடிஞ்சு அளந்துக்கலாம்."

"இல்லைங்க மேடம், இப்பவே..."

"நாங்க மேட்ச் ஆடுறது சாயங்காலம்தானே?"

ஆட்டம் முடிந்து அளந்தபோது 184 அரை. மேடம் குறித்துக்கொண்டார். சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதல் ஆட்டத்தில் வென்றோம். அக்கா: புள்ளி 16, ரீபவுண்ட் 12.

பிப்ரவரி 8, சனி

அரையிறுதி. ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் யாரோ ஒருவர் அக்காவின் முழங்காலில் ஊசி போட்டார். கதவுக்கு வெளியே என்னைக் காவலுக்கு நிற்க வைத்தார்கள். நின்றேன். காவல் காத்தது நான்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா அப்படி ஒரு ஆட்டம் ஆடி நான் பார்த்ததில்லை. 22 புள்ளி, 17 ரீபவுண்ட். இடது கையால்கூட ஒன்று போட்டாள். வலி தெரியாததால் இரண்டு காலிலும் இறங்கினாள். என் சின்னப் புள்ளிகள் இரண்டிரண்டாக வந்தன. இரண்டு காலோடு அக்கா எப்படி இருப்பாள் என்று இன்றுதான் பார்த்தேன். எதிரணி திரும்பி ஓடும்போது அவர்களுக்கு முன்னால் போய் நிற்கிறாள். அக்கா சோம்பேறி இல்லை.

கடைசி மூன்று நிமிடத்தில் முழங்கால் பக்கவாட்டில் ஒரு தரம் வழுக்கியது. விழவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கவனித்தேனா என்று பார்த்தாள்.

ஊசியின் வேகம் இறங்கிய பிறகு, ஆட்டோவில், தலையை என் மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். "நாளைக்கு ஒரு நாள்தான் பவா. ஒரே ஒரு நாள்" என்றாள்.

ரிப்போர்ட்டை எடுத்து முழுவதும் படித்தேன். புரியாத சொற்களைப் போனில் தேடினேன். இந்தக் காலோடு ஆடினால் மிச்சமும் போகும், எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை மாதிரியான பாகமும் கிழியலாம், பிறகு திரும்ப ஆட முடியாமலே போகலாம் என்று இருந்தது.

உறையின் மேல் என் பெயர். உள்ளே எல்லாப் பக்கத்திலும் என் பெயர். இவ்வளவு நாளாக இதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். இன்று வேறொன்று தோன்றியது.

இது என் ரிப்போர்ட். என் முழங்கால். அதை யாரிடம் காட்டுவது என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்?

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், கை வலித்தாலும்.

ஒன்பது மணிக்கு மேடம் கல்லூரி கேன்டீனில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்கோர் நோட்டையும் உறையையும் அவர் முன்னால் வைத்தேன்.

"யாரும்மா நீ?"

"ரோகிணி தங்கச்சிங்க. புள்ளி எழுதறவ."

உறையைப் பிரித்தார். வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். நான் நேராக நின்றிருந்தேன். கூனவில்லை.

"உன் பேரு போட்டிருக்கு. உனக்கு பதினஞ்சு வயசு. இந்த எலும்பு வளர்ந்து முடிஞ்ச எலும்பு." உறையைத் திரும்ப வைத்தார். "இது யார் கால்னு நான் கேக்க மாட்டேன். நீ எதுக்கு என்கிட்ட வந்தே? அக்காவை எடுக்காதேன்னு சொல்லவா?"

"இல்லைங்க!" என்று கத்திவிட்டேன். டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். "எடுக்கச் சொல்லத்தான் வந்தேன். நீங்க அக்கா ஓடறதில்லைன்னு எழுதியிருப்பீங்க. அது தப்புங்க."

மேடத்தின் கை தன் நோட்டின் மேல் நின்றது. அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

ஸ்கோர் நோட்டைத் திறந்து சின்னப் புள்ளிகளைக் காட்டினேன். எந்தக் காலில் எத்தனை என்று விளக்கினேன். மேடம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். டீ ஆறிப் போனது.

"இது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்லைங்க. இது எல்லாம் ஒத்தக் கால்ல ஆடின கணக்குங்க மேடம். நேத்து மட்டுந்தான் ரெண்டு கால். நேத்துப் பக்கத்தைப் பாருங்க. ரெண்டு காலோட வந்தா எப்படி ஆடுவான்னு அதுல இருக்குது. ஆனா இன்னிக்கு ஆடினா..."

அழவில்லை. மூக்குதான் ஒழுகியது.

மேடம் நீட்டியிருந்த தன் வலது முழங்காலைத் தட்டினார். "என் காலத்துலயும் ஒரு சார் இருந்தாரு. தங்கச்சிதான் இல்ல."

பிறகு எழுந்து நேராகத் தண்டபாணி சாரிடம் போனார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"நான் பார்க்க வேண்டியது பார்த்தாச்சு சார். ஃபைனல்ல ரோகிணியை இறக்க வேண்டாம்."

"மேடம், கோப்பை எங்களுக்கு..."

"இறக்கினீங்கன்னா இனி இந்தக் காலேஜ் பக்கம் ஆள் பார்க்க வர மாட்டேன். ஏன்னு கேக்குறவங்களுக்குக் காரணமும் சொல்லுவேன்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு புள்ளியில் தோற்றோம். மேடம் கிளம்பும்போது அக்காவிடம் பேசியது எனக்குக் கேட்டது. "இந்த வருஷம் உன்னை எடுக்க முடியாது. எடுப்பேன்னு வாக்கும் தர முடியாது. ஆபரேஷன் பண்ணிக்கோ. அடுத்த வருஷம் டிசம்பர்ல சென்னையில ட்ரயல்ஸ். காலேஜ் பேரு வேண்டாம், நீயா வந்து நில்லு. இடது கையைச் சரி பண்ணிட்டு வா."

"அரை சென்டிமீட்டர் குறையுதுங்களே" என்றாள் அக்கா, செத்த குரலில்.

"நான் 183தான். போ."

சார் என்னை வண்டி நிறுத்தும் இடத்தில் பிடித்தார். அப்பாவும் கூட இருந்தார்.

"யாரைக் கேட்டு அதைக் காட்டுனே?"

நிமிர்ந்து சொன்னேன். "அது என் பேர்ல இருக்குதுங்க சார். என் முட்டி. நான் யாரைக் கேக்கோணும்?"

"பாத்தீங்களா, உங்க புள்ள பேசறதை!" என்றார் சார் அப்பாவிடம்.

அப்பா என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். "ஏறு" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

அக்கா என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பேசவில்லை. நான் வைத்த ஐஸை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டாள். நான் செய்தது சரி. நூறு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். நான் செய்தது சரி. ஆனால் பக்கத்துப் பாயில் அவள் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 22, சனி

அம்மா நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைக்கும்போது உறையைக் கண்டுபிடித்துவிட்டாள். என் பெயரைப் பார்த்து, என்னைக் கூப்பிட்டு, பாவாடையைத் தூக்கி இடது முழங்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "எங்க வலிக்குது? எங்க சாமி வலிக்குது?" நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா சாதம் வடிக்கும் துணியோடு நேராக அப்பாவிடம் போனாள்.

"ஒருத்தி காலை ஒடைச்சுப்போட்டு இன்னொருத்தி பேர்ல எழுதி வெச்சிருக்கீங்க. ரெண்டும் நான் பெத்தது. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். உங்க சாரு வாசப்படி ஏறட்டும், அப்ப இருக்குது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நானும் வர்றேன்" என்றார்.

மார்ச் 3, திங்கள்

போன வாரம் பார்த்த டாக்டர், அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் பெயரிலேயே புது ஸ்கேன் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதே ஸ்கேன் சென்டர். அதே ஆள். பள்ளிக்கூடம் போகிற வழி என்று சொல்லி நானும் போனேன். வழி அது இல்லை.

அப்பா சீட்டு எழுதப் போனார். அக்கா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"பேரு?" என்றார் அந்த ஆள், நிமிராமல்.

"ரோகிணி." வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் வேறு கல்லூரிப் பனியன் போட்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "ரோகிணி. சென்டர். இடது முழங்கால்."

அவர் நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "வயசு? போன தடவை பதினஞ்சுன்னு..."

"இருபது. நடுவுல வளர்ந்துட்டேன்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பது போல நின்றார். காது சிவந்திருந்தது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தோம். அக்கா இருபத்திரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, இன்றும் பேசவில்லை. எனக்கு முதல் மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம். வாசலில் ஐந்து படி. எனக்கு என்ன தோன்றியதோ, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் படியிலிருந்து ஒரே தாவாகத் தாவினேன். இரண்டு காலிலும் இறங்கினேன். வலது, இடது, இரண்டும் சேர்ந்து. எனக்கு எதுவும் கிழிந்திருக்கவில்லை.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"ஏய் கழுதை! முட்டியை மடக்கி இறங்குடி. வெறைச்சுக்கிட்டு இறங்கினா எனக்கு ஆன மாதிரிதான் ஆகும்."

திரும்பிப் பார்த்தேன். அப்பாவையும் அம்மாவையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தாள். முகம் கோபமாகத்தான் இருந்தது.

"மறுபடி ஏறு" என்றாள். "ஏறி ஒழுங்கா இறங்கு. நான் பார்க்கறேன்."

ஏறினேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.